எடுத்து வளர்க்கும் பிள்ளை

'வள்ளுஹா' சூராவில் அல்லாஹுத்தஆலா தன் ஹபீபுக்கு அவர்களுடைய கடந்த காலத்தை நினைவூட்டுகிறான். எதீமாக இருந்ததையும் புகலிடம் கிடைத்ததையும் எடுத்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகே எதீமிடம் கடுமை காட்டலாகாது என்று கட்டளையிடுகிறான் (93:6-9). பிறக்கு முன்பே தந்தையையும், ஆறு வயதில் அப்வா என்னுமிடத்தில் அன்னை ஆமினாவையும், எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபையும் இழந்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஐம்பது வயதைக் கடந்த பின்பும், தாயாரின் கப்றைக் கண்டபோது தாங்களும் அழுது, உடனிருந்தோரையும் அழவைத்தார்கள் என்று ஹதீஸ் கிதாபுகள் கூறுகின்றன. அபூதாலிபின் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. அவருடைய மனைவி ஃபாத்திமா பின்த் அஸத் (ரலி) தம் மக்களினும் மேலாகக் கவனித்தார்கள். அப்படியிருந்தும் ஆறு வயதுத் துயரம் ஐம்பது வயதில் கண்ணீராக வெளிப்பட்டது. எதீமை எடுத்து வளர்க்க முன்வருவோர் முதலில் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்கு அருகில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் பிள்ளைப்பேறு இல்லாதிருந்து, 2023-ல் சட்டப்படி பதிவு செய்து, மாவட்ட ஆட்சியரின் உத்தரவோடு ஓர் இல்லத்திலிருந்து நான்கு வயதுப் பெண்குழந்தையை எடுத்து வந்தார்களாம். குழந்தை நல்ல ஆரோக்கியம், நல்ல சூட்டிகை. ஆயினும் சோற்றை வயிறு புடைக்கத் தின்றுவிட்டு, ரொட்டித் துண்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கிறாள். கீழே விழுந்து முழங்கால் கிழிந்தாலும் அழுவதில்லை. மீன் விற்க வரும் அம்மாள் கையை நீட்டினால் அப்படியே எழுந்து போய்விடுகிறாள். வீட்டு அத்தா தூக்கினால் மட்டும் விறைத்துக் கொள்கிறாள். இரவில் படுக்கையை நனைக்கிறாள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலோரத்தில் உரத்தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, சுற்றுவட்டார மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் அல்லவா? அன்று தூக்கத்திலிருந்து எழுப்பித் தூக்கிச் சென்றது முதல், செருப்பைக் கட்டிக்கொண்டுதான் உறங்குகிறாளாம். "காற்றுக் கறுப்பு பட்டிருக்கிறது என்று அக்கம் பக்கத்தார் சொல்கிறார்கள். உன் ரத்தமா, என்ன இருந்தாலும் வளர்ப்புப் பிள்ளைதானே என்று மாமியார் சொல்கிறார்கள். இஸ்லாத்தில் சுவீகாரம் கூடாது என்கிறார்களே, நாங்கள் செய்தது பாவமா? இவளை எப்படி வளர்ப்பது?" என்று கேட்கிறார்.

கேள்வி இரண்டு, ஆனால் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது நமது கருத்து. பிள்ளையின் பழைய வாழ்வை என்ன செய்வது என்பதே அந்த வேர். அறியாமைக் காலத்து அரபிகள் அதை அழித்தார்கள். இன்றும் நம்மில் பலர், அன்பின் பெயரால், அதை அழிக்கவே முயல்கிறார்கள்.

மார்க்கம் தடுத்தது எதை?

ஜைது பின் ஹாரிஸா (ரலி) அவர்களின் சரித்திரத்தை நாம் பள்ளிவாசல் பயான்களில் கேட்டிருக்கிறோம். கல்பு கோத்திரத்துச் சிறுவர் அவர். தாயாருடன் தாய்வீட்டார் ஊருக்குச் சென்றிருந்த சமயம் கொள்ளைக் கூட்டத்தாரிடம் பிடிபட்டு, உக்காழ் சந்தையில் அடிமையாக விற்கப்பட்டார். ஹகீம் பின் ஹிஸாம் வாங்கித் தம் அத்தை கதீஜா (ரலி) அவர்களுக்குக் கொடுக்க, அவர்கள் நபிகளாருக்கு அன்பளிப்பாக அளித்தார்கள். இவ்வளவு காலமும் தந்தை ஹாரிஸா மகனைத் தேடிக்கொண்டே இருந்தார். மக்காவில் இருப்பதாகத் துப்புக் கிடைத்ததும் ஈட்டுத்தொகையோடு தம் சகோதரரையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நபிகளார் ஜைதை அழைத்து, இவர்களை உனக்குத் தெரிகிறதா என்று கேட்டு, முடிவை அவரிடமே விட்டார்கள். ஜைது நபிகளாரோடு இருப்பதையே தேர்ந்தெடுத்தார். அப்போதுதான் நபிகளார் கஅபாவின் அருகே ஜைதைத் தம் மகன் என்று அறிவித்தார்கள். தந்தையும் மனநிறைவோடு ஊர் திரும்பினார்.

பிறகு அஹ்ஸாப் சூராவின் 4, 5 ஆயத்துகள் இறங்கின. சுவீகாரம் செய்தவர்கள் பெற்ற மக்களாகிவிட மாட்டார்கள். அவர்களைத் தந்தையரின் பெயரோடு சேர்த்து அழைக்க வேண்டும். தந்தை இன்னார் எனத் தெரியாவிடில் அவர்கள் உங்கள் தீன் சகோதரர்கள் என்பது அவற்றின் கருத்து. ஜைது பின் முஹம்மது அன்றிலிருந்து மீண்டும் ஜைது பின் ஹாரிஸா ஆனார். வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டாரா? பாசம் குறைந்ததா? ஹிஜ்ரி 8-ல் மூத்தா போருக்கு அவரைத்தான் நபிகளார் முதல் தளபதியாக அனுப்பினார்கள். அவருடைய மகன் உஸாமாவை நேசருக்குப் பிறந்த நேசர் என்று ஸஹாபாக்கள் அழைத்தார்கள். ஸஹாபாக்களில் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இவர் ஒருவரையே (33:37).

ஆகவே மார்க்கம் தடுத்தது பிள்ளையை எடுத்து வளர்ப்பதை அல்ல. அதன் வம்சத்தை அழித்து, இல்லாத வம்சத்தை ஒட்டவைப்பதைத்தான் தடுத்தது. எதீமைப் பொறுப்பேற்பவர் மறுமையில் தமக்கு எவ்வளவு அருகில் இருப்பார் என்பதை இரு விரல்களைக் காட்டி நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அந்த ஹதீஸில் வரும் 'காஃபில்' என்ற சொல், மர்யம் (அலை) அவர்களை ஜகரிய்யா (அலை) பொறுப்பேற்றதைச் சொல்லும் ஆயத்தில் உள்ள அதே வேர்ச்சொல் (3:37). யார் பொறுப்பேற்பது என்பதற்காகப் பேனாக்களை எறிந்து குலுக்கிப் பார்த்தார்கள் என்றும் அதே சூரா கூறுகிறது (3:44). பெண்பிள்ளையை வளர்க்கும் உரிமைக்காகப் போட்டி! இன்று நம் மஹல்லாக்களில் அப்படி ஒரு போட்டியைக் காண முடிகிறதா?

சகோதரியே, நீங்கள் செய்தது பாவம் அல்ல. கணவனும் மனைவியும் மனநிம்மதியோடு இருங்கள்.

பெற்றோரின்றிக் கண்டெடுக்கப்படும் குழந்தையைப் பற்றி ஃபிக்ஹு கிதாபுகளில் 'லகீத்' என்று ஒரு தனிப் பாடமே உண்டு. அத்தகைய குழந்தையை எடுப்பது ஃபர்ளு கிஃபாயா. ஊரில் ஒருவரும் எடுக்காவிட்டால் எல்லோர் மீதும் குற்றம். ஷாஃபிஈ மத்ஹபில், எடுக்கும்போது சாட்சி வைப்பது வாஜிப் என்கிறார்கள். ஏன் தெரியுமா? நாளை எடுத்தவர் இது என் அடிமை என்றோ என் வயிற்றுப் பிள்ளை என்றோ சொல்லி, குழந்தையின் சுதந்திரத்தையும் வம்சத்தையும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக. குழந்தையோடு கிடந்த துணியும் காசும் குழந்தைக்கே சொந்தம். உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் கண்டெடுத்த குழந்தையைக் கொண்டுவந்தபோது, அது சுதந்திரப் பிள்ளை, செலவு பைத்துல்மாலைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தார்கள். குழந்தையோடு கிடந்த கந்தல் துணிக்கும் கணக்குக் கேட்கும் மார்க்கம், அதனுடைய கதைக்குக் கணக்குக் கேட்காதா?

தேடும் தந்தையர்

இதைப் பழங்காலச் சட்டம் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். ஹாரிஸாவைப் போல் பிள்ளையைத் தேடி அலைந்த தகப்பன்மார் நம் வடசென்னையிலேயே இருந்தார்கள். குடிசைப் பகுதிகளின் வாசலில் விளையாடிய குழந்தைகளைத் திருடி, பெற்றவர்களே கொடுத்ததாகப் பொய்ப் பத்திரம் எழுதி, தத்து நிறுவனம் ஒன்றின் மூலம் வெளிநாடுகளுக்கு அனுப்பிய வழக்கு 2005-ல் வெளிவந்தது. பின்னர் சி.பி.ஐ. விசாரணைக்கும் சென்றது. நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அத்தகைய பிள்ளைகள் வளர்வது தெரிய வந்தது. அங்கே எடுத்து வளர்த்தவர்கள், நாம் ஓர் அநாதையைக் காப்பாற்றினோம் என்றே நம்பினார்கள். இங்கே தகப்பன் உயிரோடு தேடிக்கொண்டிருந்தார்.

இலங்கையிலிருந்தும் 1980-களில் ஆயிரக்கணக்கான சிசுக்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன. பலருடைய பிறப்புப் பத்திரங்கள் போலியானவை என்பது, அவர்கள் வளர்ந்து தாயைத் தேடி வந்தபோதுதான் வெளிப்பட்டது. நெதர்லாந்து அரசு இவற்றையெல்லாம் ஆராய ஒரு குழுவை அமைத்து, அதன் அறிக்கை வந்ததும் 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்தது. நம் நாட்டில் 1984-ல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு வரையறைகளை வகுத்தது. அதைத் தொடர்ந்து 1990-ல் மத்திய தத்து ஆணையம் அமைந்தது. 2003-ல் ஹேக் உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டது. இத்தனையும் எதற்கு? எடுக்கும்போது சாட்சி வை என்று நம் ஃபுகஹாக்கள் சொன்ன அதே காரணத்துக்கு.

எனவே, ஆஸ்பத்திரி ஆயா மூலம் பிள்ளை கிடைக்கிறது, புரோக்கர் மூலம் கிடைக்கிறது என்று எவரேனும் சொன்னால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, முறைக்கு மாறாகப் பிள்ளையைக் கொடுப்பதும் வாங்குவதும் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பணம் கொடுத்து வாங்கினால் ஐந்தாண்டு வரை. கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டப்படி தத்து எடுக்கலாம். அதே சமயம் எவரையும் அது கட்டாயப்படுத்தாது, தம் ஷரீஅத்தைப் பின்பற்ற விரும்புவோர் அப்படியே பின்பற்றலாம் என்று கூறிற்று. அச்சட்டப்படி எடுத்தால், பிள்ளை எல்லா வகையிலும் பெற்ற பிள்ளையாகவே கணக்கிடப்படும். ஷரீஅத்தின் நிலை வேறு என்பதை மேலே கண்டோம். 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டப்படி காப்பாளராக நியமனம் பெறும் வழியும், தற்காலிக வளர்ப்புப் பராமரிப்பு என்ற வழியும் இருக்கின்றன. இனி எடுக்கப் போகிறவர்கள் தம் ஊர் ஆலிமிடமும் வக்கீலிடமும் இரண்டையும் கேட்டு முடிவு செய்யட்டும். ஏற்கெனவே தத்து உத்தரவு பெற்றுவிட்ட இந்தச் சகோதரி போன்றவர்கள், காகிதத்தில் என்ன இருப்பினும், வீட்டுக்குள் உண்மையைச் சொல்லி, மஹ்ரம், வாரிசு விஷயங்களில் ஷரீஅத்தைப் பேணிக்கொள்ள வேண்டும்.

ஒளித்து வைத்த ரொட்டி

இனி வளர்ப்புக்கு வருவோம். கடிதத்தில் கண்ட எதுவும் ஜின்னின் வேலை அல்ல. தீய குணமும் அல்ல. இல்லங்களில் நல்லவையும் உண்டு. ஆனாலும் ஓர் ஆயா பத்துக் குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில், ஆயாமாரும் மாறிக்கொண்டே இருந்தால், குழந்தை தனக்குத் தானே சில பாடங்களைக் கற்றுக்கொள்கிறது. அழுதால் ஒருவரும் வருவதில்லை என்று கண்ட குழந்தை அழுகையை நிறுத்திவிடுகிறது. சோறு எப்போது வரும் என்று தெரியாத குழந்தை பதுக்கி வைக்கிறது. ஒருவரிடமும் நிலைத்திருக்க முடியாது என்று கண்ட குழந்தை எவர் கையை நீட்டினாலும் போகிறது; ஏனெனில் அதற்கு எல்லோரும் ஒன்றுதான். உங்கள் வீட்டில் இவை விசித்திரமாகத் தெரிகின்றன. அங்கே அவைதாம் அவளை உயிரோடு வைத்திருந்தன.

ருமேனியாவில் 1966-ல் கருக்கலைப்பைத் தடுத்து ஒரு சட்டம் வந்தது. வளர்க்க வழியற்ற பெற்றோர் குழந்தைகளை அரசு இல்லங்களில் கொண்டுபோய் விட்டார்கள். 1989 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது, இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இருந்ததை உலகம் கண்டது. அவர்களில் பலரை மேலைநாட்டவர் எடுத்துச் சென்றனர். இங்கிலாந்துக்குச் சென்ற 165 பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் சிறு பிராயம் முதல் வாலிபம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாத வயதுக்குள் இல்லத்திலிருந்து வெளிவந்தவர்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இல்லத்தில் கழித்தவர்களில் பலருக்கு, அந்நியரிடம் கூச்சமின்றி ஒட்டிக்கொள்வதும் கவனம் சிதறுவதும் நெடுங்காலம் நீடித்தன. ஆயினும் அவர்களிலும் ஒரு பகுதியினர் எந்தச் சிக்கலுமின்றி வளர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புக்காரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து நடந்த இன்னோர் ஆராய்ச்சியில், இல்லத்திலேயே இருந்தவர்களைவிட வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாறியவர்கள் எவ்வளவோ தேறினார்கள். இரண்டு வயதுக்குள் மாறியவர்கள் மிகுதியாகத் தேறினார்கள். அன்பான வீடு பயன் தருகிறது. ஆனால் பழையதைத் துடைத்துவிடுவதில்லை. அறிவியல் கூறும் இதை, அப்வாவில் வடிந்த கண்ணீரைப் பற்றிப் படித்தவர்கள் ஆச்சரியமாகக் கொள்ள மாட்டார்கள்.

ஆகவே ரொட்டியைப் பிடுங்காதீர்கள். திருட்டு என்று பெயரிடவும் வேண்டாம். மூடியுள்ள ஒரு டப்பாவில் பிஸ்கோத்தும் பொரியும் போட்டு, இது உன்னுடையது, தீர்ந்தால் உம்மா மறுபடி நிரப்புவேன் என்று அவள் தலைமாட்டிலேயே வைத்துவிடுங்கள். சொன்னபடி நிரப்பவும் வேண்டும். சில மாதங்களில் டப்பா தொடப்படாமல் கிடக்கும். சிலருக்கு வருடங்களாகும். சாப்பாடு, குளியல், உறக்கம் எல்லாம் நாள்தோறும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். நம் வீடுகளில் ஐந்து வேளைத் தொழுகை இருப்பது இதற்கு எவ்வளவு பெரிய உதவி! அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததே இந்தக் குழந்தைகளின் பெரும் பயம். பாங்கு சப்தம் கேட்டால் அத்தா பள்ளிக்குப் போவார், வந்ததும் சாப்பாடு என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு ஒரு பிடிமானம் கிடைத்துவிடுகிறது.

முதல் ஓராண்டாவது அவளுக்குச் சோறூட்டுவதும் குளிப்பாட்டுவதும் உறங்கவைப்பதும் பெரும்பாலும் நீங்கள் இருவர் மட்டுமே செய்யுங்கள். பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்று உறவினர் கைக்குக் கை மாற்றித் தூக்குவதை அன்போடு தடுத்துவிடுங்கள். யாரிடமும் போகிறாள், எவ்வளவு நல்ல பிள்ளை என்று அவர்கள் மெச்சுவார்கள், அது மெச்சத்தக்கதன்று. இன்னாரிடம்தான் போவேன் என்று அவள் என்றைக்கு அடம் பிடிக்கிறாளோ அன்றைக்கு ஷுக்ரு செய்யுங்கள். மூஸா (அலை) அவர்கள் சிசுவாக ஃபிர்அவ்னின் மாளிகைக்கு வந்தபோது செவிலித் தாயர் எவரிடமும் பால் குடிக்க மறுத்தார்கள் என்றும், அந்த மறுப்பே அவர்களைத் தாயின் மடிக்குத் திரும்பச் சேர்த்தது என்றும் கஸஸ் சூரா கூறவில்லையா (28:12-13)? விழுந்து அடிபட்டால், அவள் அழாவிட்டாலும் ஓடிப்போய்த் தூக்குங்கள், ஊதிவிடுங்கள். அழுதால் ஆள் வரும் என்பதை இனித்தான் அவள் கற்க வேண்டும்.

அந்தச் செருப்பைப் பற்றி யோசித்தோம். இடம் மாறி இடம் மாறி வளர்ந்த பிள்ளையை நடுராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடினால், மறுபடியும் வேறு இடத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று எண்ணுவது இயல்பே. துறைமுகமும் அனல்மின் நிலையமும் ஆலைகளும் சூழ்ந்த ஊர் உங்களுடையது. கப்பல் ஊதுவதும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலும் நமக்குத் தாலாட்டு மாதிரி பழகிவிட்டன; அவளுக்கு அப்படியல்ல. செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டாம். அன்று ஏன் ஓடினோம், எல்லோரும் சேர்ந்துதான் ஓடினோம், சேர்ந்துதான் திரும்பி வந்தோம் என்பதை ஒரு கதையாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். உங்கள் செருப்பையும் அவள் செருப்புக்கு அருகில் வையுங்கள்.

படுக்கை நனைவது சம்பந்தமாகப் பல தாய்மார்கள் தொழுகையை எண்ணிக் கவலைப்பட்டு, அந்தக் கவலையைப் பிள்ளை மேல் காட்டிவிடுகிறார்கள். பள்ளிவாசலிலேயே சிறுநீர் கழித்த ஒரு கிராமத்து அரபியை ஸஹாபாக்கள் அதட்டியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுத்து, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். அல்லாஹ்வின் வீட்டுக்கே ஒரு வாளித் தண்ணீர் போதுமானால், உங்கள் வீட்டுப் பாய்க்குப் போதாதா? தொழுகைக்கென ஓர் உடுப்பைத் தனியாக மாட்டி வையுங்கள், அவ்வளவுதான். தொழும்போது காலைக் கட்டிக்கொள்கிறாள் என்றால் அதுவும் புதிதல்ல. பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே நபிகளார் தொழவைத்திருக்கிறார்கள்.

அடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுவோம். பத்து வயது ஹதீஸை எடுத்துக்கொண்டு பிரம்பைத் தூக்குகிறவர்கள், காயம் உண்டாக்கும் அடி ஹராம் என்று ஃபுகஹாக்கள் எழுதியதைப் படிப்பதில்லை. பத்தாண்டு பணிவிடை செய்த அனஸ் (ரலி), தம்மை நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். முன்பே அடிபட்டு வந்த பிள்ளைக்கு ஓர் அடி என்பது ஓர் அடியாக நிற்காது. பழைய அடிகளையெல்லாம் எழுப்பிவிடும். மதரஸா உஸ்தாதிடமும் பள்ளிக்கூட ஆசிரியையிடமும் முன்கூட்டியே, மற்றவர்கள் அறியாமல், ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அடியைவிடக் கொடிய ஒன்று உண்டு. "இப்படிச் செய்தால் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவேன்" என்ற வார்த்தை. பெற்ற பிள்ளையிடம் இதை விளையாட்டாகச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பூச்சாண்டிக்குப் பிடித்துக் கொடுப்பேன் என்பது போல. இவளிடம் அது விளையாட்டல்ல. எதீமை விரட்டுகிறவனைத் தீனைப் பொய்யாக்குபவன் என்று மாஊன் சூரா சொல்கிறது (107:1-2). வாய் வார்த்தையால் விரட்டுவதும் விரட்டுவதுதான். அதேபோல, "எங்கோ கிடந்த உன்னை எடுத்து வளர்த்தோமே" என்று நன்றியை வசூலிக்கும் பேச்சும் மாமியார் உட்பட எவர் வாயிலும் வரக் கூடாது. இதில் கணவர் உறுதியாக நின்று தம் தாயாரிடம் பணிவோடும் தெளிவோடும் பேச வேண்டும்.

ஓதி ஊதுவதில் தவறில்லை. முஅவ்விததைன் ஓதி உடம்பில் தடவி உறங்கவையுங்கள். ஆனால் காற்றுக் கறுப்பு என்று சொல்லி இடம் இடமாக அழைத்துச் சென்று, புகை போட்டு, அந்நியர் முன் உட்கார வைப்பது அவளை மேலும் மிரளச் செய்யும். உடலோ மனமோ தேறாவிடில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில் காட்டுவது ஈமானுக்குக் குறைவான செயலன்று.

பெயரும் கதையும்

அவளுடைய பழைய பெயரை உடனே மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கெட்ட பொருளுள்ள பெயர்களை நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றியதுண்டு. அழகிய பெயர் சூட்டுவது நல்லதே. எனினும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பழைய பெயர் ஒன்றுதான் கூடவே வந்த சொத்து. லகீதின் கந்தல் துணி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளில் ஷிர்க்கு இல்லாவிட்டால் வீட்டில் செல்லப் பெயராகவாவது அது ஒலிக்கட்டும். இல்லத்திலிருந்து போட்டு வந்த சட்டையையும், தந்த காகிதங்களையும், அங்கே எடுத்த படம் இருந்தால் அதையும் ஒரு பையில் பத்திரப்படுத்துங்கள்.

அவள் பெற்ற பிள்ளை அல்ல என்பதை எப்போது சொல்வது? இந்தக் கேள்வியே தவறான இடத்திலிருந்து புறப்படுகிறது. பெரியவளான பின் ஒரு நாள் உட்காரவைத்துச் சொல்ல வேண்டிய ரகசியமாக அதை ஆக்கவே கூடாது. இன்றிரவே கதை போலச் சொல்லத் தொடங்குங்கள். உன்னை வேறோர் உம்மா பெற்றார்கள், அவர்களால் வளர்க்க முடியவில்லை, நாங்கள் பிள்ளை வேண்டி துஆச் செய்துகொண்டிருந்தோம், அல்லாஹ் நம்மைச் சேர்த்து வைத்தான் என்று. பெற்றவளைப் பற்றி ஓர் இழிசொல்லும் வேண்டாம். அவளுடைய நிலை என்னவென்று நமக்குத் தெரியாது. பதினைந்து வயதில், கல்யாண வீட்டில், ஒரு பெரியம்மாளின் வாயால் இதை அவள் கேள்விப்படும்படி விட்டுவிட்டால், அத்தனை வருடத்து அன்பும் அவளுக்குப் பொய்யாகத் தோன்றிவிடும்.

சிறு பிராயத்திலேயே உண்மை தெரிந்திருப்பது மஹ்ரம் விஷயத்துக்கும் அவசியம். இரண்டு வயதுக்குள் வந்த பிள்ளையானால், கணவரின் சகோதரி முறைப்படி பாலூட்டினால் கணவர் பால்குடி முறையில் மாமாவாகிவிடுவார். ஆண்பிள்ளைக்கு மனைவியின் சகோதரி ஊட்டலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து தடவை, ஹனஃபி மத்ஹபில் ஒரு தடவையே போதும். நான்கு வயதில் வந்தவளுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அப்படியானால் பருவமடைந்த பின் வளர்த்தவர் முன்னால் தலைத்துணி வேண்டும். பதின்மூன்று வயதில் ஒரு காலையில் திடீரென்று, இனி அத்தா முன்னால் முக்காடு போடு என்று சொன்னால், விரட்டப்பட்டு விரட்டப்பட்டு வந்த பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? மறுபடியும் ஒரு வாசற்கதவு சாத்தப்பட்டதாக அல்லவா? ஆகவே வீட்டுப் பெண்கள் எல்லோருமே தலைத்துணியோடு இருப்பதை இன்றே வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். காரணத்தைச் சிறுகச் சிறுக, வளர்த்தவரே தம் வாயால் சொல்லட்டும்.

அதே நேரத்தில், நாளை வரும் சட்டத்தை எண்ணி இன்று மடியை மறுப்பது மடமை. கடிதத்தின் ஓரிடத்தில், கணவர் "எப்படியும் அந்நியம்தானே" என்று குழந்தையைத் தூக்கத் தயங்குவதாகக் கண்டோம். பத்துப் பிள்ளைகளில் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஉ பின் ஹாபிஸிடம் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அந்தச் சகோதரர் அறிந்திருப்பார். அவளுக்கு இப்போது ஆறு வயதுதான். தூக்கினால் விறைத்துக்கொள்கிற அந்த உடம்பு தளர இன்னும் சில வருடங்களே மீதமிருக்கின்றன. வலுக்கட்டாயமாகத் தூக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அவளாக வந்து சாயும் வரை காத்திருக்கட்டும்.

சொத்து விஷயம் சுருக்கமாக. ஷரீஅத்தில் வளர்ப்புப் பிள்ளை வாரிசாக மாட்டாள்; நீங்களும் அவளுக்கு வாரிசாக மாட்டீர்கள். ஆனால் மூன்றிலொரு பங்குக்குள் வஸிய்யத் எழுதலாம். வாழும்போதே ஹிபா கொடுக்கலாம். ஹிபாவுக்குக் கொடுப்பவரின் சொல், பெறுபவரின் ஏற்பு, பொருளை ஒப்படைப்பது ஆகிய மூன்றும் வேண்டும். பலர் பாசத்தால் வளர்த்து, ஒரு வரியும் எழுதி வைக்காமல் மௌத்தாகி, பிள்ளையை உறவினர்களின் கருணைக்கு விட்டுவிடுகிறார்கள். இவ்வருடமே எழுதுங்கள். கணவரின் சகோதரர்களையும் அழைத்து அவர்கள் முன்னிலையிலேயே எழுதுங்கள்.

நிகாஹ் வரும்போது வளர்த்தவர் வலீ ஆக முடியாது. தந்தையும் தந்தைவழி உறவினரும் இன்னாரென்று தெரியாத பெண்ணுக்குக் காஜியே வலீ. அதை மணமகன் வீட்டாரிடம் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அழைப்பிதழில் 'எங்கள் வளர்ப்பு மகள்' என்று அச்சிடுங்கள். சிறு வயது முதல் தன் கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்தச் சொல்லில் புதிதாக ஒன்றும் இருக்காது.